ஊக்குக் கனத்து மாவு

பிணவறை ஊழியர் நீட்டிய பாலிதீன் பையை வாங்கியபோது மெல்வினுக்கு வாயில் எச்சில் ஊறியது. பையின் முடிச்சு நெகிழ்ந்திருந்தது. உள்ளேயிருந்து பேக்கரி வாசலில் நிற்பதுபோல் ஒரு மணம் வந்தது. பொன்னிறமாக வெந்த மாவின் மணம். செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து டீயைத் தவிர எதுவும் போகாத வயிறு, அது என்னவென்று புத்தி சொல்வதற்கு முன்பே ஆசைப்பட்டுவிட்டது. அடுத்த மூச்சில் அடியில் கிடந்த நாற்றம் எழுந்து வந்தது. தீயணைப்பு வண்டித் தண்ணீரில் ஊறிய மாவு, கட்டிய பைக்குள் இரண்டு நாள் கிடந்து புளித்த நாற்றம். அதற்குள் கருகிய முடியும் இருந்தது.

சுவரோரக் குழாயடிக்கு ஓடிப்போய்க் குனிந்தான். டீயும் கோழையும்தான் வந்தன. ஊழியர் பழகிய ஆள். முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் என்று ஆறுதல் சொல்லிவிட்டு, பையை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார். மெல்வின் வாயைத் துடைத்துக்கொண்டு போட்டான். வாந்தி எடுத்தது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அதற்கு முன்னால் ஊறிய அந்த எச்சிலைத்தான் எங்கே துப்புவதென்று தெரியவில்லை.

பைக்குள் இருந்தது மில்லின் நீல நிற மேல்கோட்டு. ஆஸ்பத்திரியில் உடம்பிலிருந்து வெட்டி எடுத்தது. அதைப் போட்டிருந்தவள் பிலோமி, அவனுடைய மாமியார். ஐம்பத்து நாலு வயது. துறைமுகச் சாலையிலுள்ள மைதா மில்லில் ஆறு வருஷமாகத் துப்புரவு வேலை பார்த்தாள். செவ்வாய்க்கிழமை அங்கே நடந்த வெடிப்பில் உடம்பு வெந்து, நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியில் செத்தாள். மெல்வின் அதே மில்லில் சேஃப்டி ஆபீசர். மாமனார் மஞ்சள் காமாலையில் போன பிறகு, சும்மா உட்கார்ந்து மகள் வீட்டுச் சோறு தின்ன மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால் காண்டிராக்டரிடம் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

பெட்டியைத் திறக்க முடியாது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். வீட்டில் அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு, தலைமாட்டில் குருசும் இரண்டு மெழுகுவர்த்தியும் வைத்தார்கள். முகம் இல்லாத சாவில் எதைப் பார்த்து அழுவதென்று பெண்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு ஒருத்தி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். மெல்வினின் மனைவி ஜெனோவா அழவில்லை. பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து, துணியில் விழுந்திருந்த ஒரு மடிப்பை நீவி விட்டுக்கொண்டே இருந்தாள்.

பத்து மணிக்கு மில் வேன் வந்தது. மாலை ஒன்றும், ரஸ்க் பெட்டிகள் ஆறும் இறங்கின. மில்லோடு சேர்ந்து ரஸ்க் போடும் பிரிவும் உண்டு. துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்கு டீயோடு கொடுக்கட்டும் என்று கம்பெனி அனுப்பியிருந்தது. மாலையில் கட்டிய ரிப்பனில் பிலோமி என்பதற்குப் பதிலாக பிலோமினாள் என்று அச்சடித்திருந்தார்கள். மாலையைக் கொண்டுவந்த டிரைவருக்கு அது தெரியவில்லை. தெரிந்தவர்களும் சொல்லவில்லை.

சாமியானாப் பந்தலின் கீழ் ஆண்கள் ரஸ்கை டீயில் முக்கித் தின்றார்கள். ஊறிய ரஸ்கை உறிஞ்சும் சத்தம் நாற்காலி நாற்காலியாகக் கேட்டது. ஒரு பெரியவர், மோவாயில் ஒட்டிய துகளைத் துடைக்காமலே, நல்ல கம்பெனி, மனுசன் செத்தா யாரு இப்படிப் பார்க்கிறா என்று மெல்வினிடம் சொன்னார். அவன் தலையாட்டினான். அவர் பல்லிடுக்கில் வெள்ளையாக மாவு நின்றதைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கே ஒரு குழந்தை ரஸ்கைக் கடித்துப் பெட்டியிருந்த பக்கம் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

மானேஜர் ராமர் பின்னாலேயே காரில் வந்தார். பெட்டியருகே போய் ஒரு நிமிஷம் கை கூப்பி நின்றார், பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜெனோவாவிடம் இரண்டு வார்த்தை சொன்னார். அப்புறம் மெல்வினின் தோளில் கை போட்டுக் காருக்குக் கூட்டிப் போனார்.

காருக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மல்லிகை வாசனை போட்டு வைத்திருந்தார்கள். ராமர் கதவைச் சாத்தியதும் சின்னக் குப்பியிலிருந்து கை சுத்தம் செய்யும் மருந்தைப் பிதுக்கி, பெட்டியைத் தொட்ட கையை விரல் விரலாகத் தேய்த்தார். நகத்தடியைக்கூட விடவில்லை. தேய்த்து முடித்துவிட்டு ஒரு ஃபைலை எடுத்து மெல்வினின் மடியில் வைத்தார்.

"கடுதாசி ஒண்ணுதான் மெல்வின். நாலு மணிக்குள்ள கவர்மெண்ட் ஃபேக்டரி ஆபீசர் கையில இருக்கணும். பயிற்சி குடுத்திருக்கோம், காத்துக் குழாயத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கோம், அத மீறிச் செஞ்சிருக்காங்க. அவ்வளவுதான். அந்தம்மாவே மாஜிஸ்திரேட்டுகிட்ட அப்பிடித்தான சொல்லியிருக்கு? நீங்க ஒண்ணும் புதுசாச் சொல்லப் போறதில்ல."

அது உண்மைதான். புதன்கிழமை காலையில் மாஜிஸ்திரேட் வார்டுக்கு வந்து மரண வாக்குமூலம் வாங்கினார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் குழாயை எடுத்தேன் என்று பிலோமி சொன்னதாக எழுதிக்கொண்டு போனார். வெளியே வராந்தாவில் நின்ற மெல்வினிடம் போலீஸ்காரர் ஒருவர் இதைச் சொன்னபோது, அவன் நெஞ்சில் முந்தின நாளிலிருந்து ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று சட்டென்று இறங்கியது. நன்றாக மூச்சு விட முடிந்தது. அப்படி மூச்சு விட்டதை இப்போது நினைக்கையில் உடம்பெல்லாம் கூசியது.

ஃபைலில் பயிற்சிப் பதிவேடும் இருந்தது. தூசி வெடிப்பு அபாயம் பற்றிய பயிற்சி, மாதம் ஒன்று. பத்து மாதத்துக்குப் பத்துக் கையெழுத்து. பிலோமி என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டவை. பத்தும் ஒரே மையில், ஒரே நாளில், வீட்டுக் குசினியில் போட்டவை. அவள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மெல்வின் நோட்டை விரித்துப் பிடித்துக்கொள்ள, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, எதற்கென்று கேட்காமல் போட்டாள். மூன்றாவது கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. ராமர் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்னவென்று தெரிந்திருக்காது.

பயிற்சி என்று நடந்தது ஒரே ஒரு தடவை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மெல்வினுக்கு இதிலெல்லாம் வெறி இருந்தது. ஒரு தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து, மூடியை அழுத்திவிட்டு, அடியிலிருந்த குழாய் வழியாக ஒரு கரண்டி மைதாவை ஊதிக் காட்டினான். மூடி கூரை வரைக்கும் பறந்தது. பெண்கள் அலறிவிட்டுச் சிரித்தார்கள். மாவு மூட்டைக்குள் தீக்குச்சியைப் போட்டால் அணைந்துவிடும் என்று அவன் விளக்கினான். அதே மாவு மூடிய இடத்தில் காற்றில் பரவி நிற்கும்போது ஒரு பொறி போதும். முதல் வெடிப்பு சின்னதாகத்தான் இருக்கும். அது உத்திரத்திலும் கேபிள் தட்டிலும் வருஷக்கணக்காகப் படிந்த தூசியை உதறிவிடும். ஆளைக் கொல்வது அடுத்த வெடிப்பு. அதனால் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, அதற்கென்று உள்ள மெஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். எவ்வளவு படிந்தால் ஆபத்து என்று ஒருத்தி கேட்டபோது, மில்லிமீட்டர் கணக்குச் சொன்னால் புரியாதென்று, ஒரு ஊக்கின் கனம் என்றான்.

மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். பிலோமி மறக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை நாலாவது மாடி உத்திரத்தில் தன் ஊக்கைக் கழற்றி வைத்துப் பார்ப்பாள். வீட்டில் சோறு போடும்போது, முகத்தைப் பார்க்காமல், "ஊக்கு முங்கிட்டு மாப்பிள்ள" என்பாள். சரி மாமி என்பான். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

அந்த வருஷம் அவன் எழுதிய அபாய மதிப்பீடு நாற்பத்தொரு பக்கம். டார்ச்சும் அளவுகோலுமாக மாடி மாடியாக ஏறி எழுதியது. ஆபத்தான இடங்களுக்கெல்லாம் கட்டத்தில் சிவப்பு அடித்திருந்தான். ராமர் அதைத் திருப்பி அனுப்பினார். இத்தனை சிவப்பைப் பார்த்தால் வாங்குகிற பார்ட்டி ஓடிப்போவான் என்றார். மெல்வின் பாதியைப் பச்சையாக்கினான். அடுத்த வருஷம் மீதியும் பச்சையானது. அதற்குப் பிறகு தேதியை மட்டும் மாற்றினான். தூசி உறிஞ்சும் மெஷின் மோட்டார் எரிந்து எட்டு மாதமாக மூலையில் கிடந்தது. மதிப்பீட்டில் அது நல்ல நிலையில் இருந்தது. கோதுமையை மாடிக்கு ஏற்றும் எலிவேட்டரில், வெடிப்பின் வேகம் வெளியே போவதற்காக வைத்திருந்த திறப்பில் மழைத்தண்ணீர் இறங்குகிறதென்று தகடு வைத்து அடைத்திருந்தார்கள். மதிப்பீட்டில் அது திறந்திருந்தது.

"நல்ல கம்பெனிக்கு நல்ல ஆபீசர் வேணும்லா," என்று ராமர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

மெல்வின் கையெழுத்துப் போட்டான். குளிரில் விறைத்த விரலாக இருந்தாலும் கையெழுத்து நன்றாக, உருண்டையாக விழுந்தது. காரை விட்டு இறங்கியபோது மல்லிகை வாசனை சட்டையோடு வந்தது. பந்தலுக்கு அப்பால் ஜெனோவா வாசற்படியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கோவிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரை மணல், தோண்டத் தோண்டச் சரிந்தது. சாமியார் தண்ணீர் தெளித்து, சுருக்கமாக ஜெபித்தார். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள்.

திரும்பும்போது முத்துக்கனி அவனருகே வந்தாள். நாலாவது மாடியில் பிலோமியோடு வேலை பார்த்தவள். குப்பைச் சாக்கைக் கீழே இறக்கப் போன நேரத்தில் வெடித்ததால் பிழைத்தாள். முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. சுற்றிலும் ஆள் இல்லாததைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"அக்கா சொல்லாமலே போயிட்டா சார். நானும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்கிடாதீங்க."

அன்பாகத்தான் சொன்னாள். கட்டில்லாத கையால் அவன் சட்டை நுனியைத் தொட்டுவிட்டும் போனாள். அந்த இடத்தைக் கழுவ வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. அவள் கை பட்டதற்காக அல்ல. இனிமேல் இந்த ஊரில் ஒருத்தி, அவனைப் பார்க்கும்போதெல்லாம் இரக்கத்தோடு வாயை மூடிக்கொண்டு நிற்பாள். அவனும் அதை வாங்கிக்கொண்டு நடப்பான். ஆறு மாதம் போனால் பழகிவிடும். பழகிவிடும் என்று தனக்கே தெரிந்ததுதான் குமட்டியது.

வீட்டுக்கு வந்தபோது தரை கழுவி விட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் பந்தலில் படுத்துக் கிடந்தார்கள். மெல்வின் குளித்துவிட்டுக் குசினிக்குப் போனான். ஜெனோவா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பிய சோறு மூடியபடி இருந்தது. அவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"நேத்து ராத்திரி அம்மைக்கு நினைவு இருக்கையில எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னா. 'மாப்பிள்ள மேல கோவப்படாதளா'ன்னு. உங்க மேல நா கோவப்படுற மாதிரி நீங்க என்ன செஞ்சீங்க?"

 மெல்வின் இல்லையென்று சொல்லியிருக்கலாம். வேலைக்குச் சேர்த்துவிட்டதைத்தான் மாமி சொல்லியிருப்பாள் என்று சொல்லியிருந்தால் ஜெனோவா நம்பியிருப்பாள். அந்தப் பதில் தயாராக, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதன் சுலபம் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"நாந்தான் குழாயப் பிடிக்கச் சொன்னேன்," என்றான்.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். புதன்கிழமை வெளிநாட்டுப் பார்ட்டியின் ஆட்கள் மில்லைச் சோதிக்க வருவதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் நாலாவது மாடியில் பொட்டு வெள்ளை இருக்கக் கூடாது என்று ராமர் சொல்லிவிட்டார். மெஷின் இல்லை. கம்ப்ரெஸர் காற்றுக் குழாயை மேலே இழுத்துக்கொண்டுபோய் உத்திரங்களை ஊதிவிடச் சொல்லி மெல்வின் பிலோமியிடமும் முத்துக்கனியிடமும் வந்து சொன்னான். மில் ஓடிக்கொண்டிருந்தது. எலிவேட்டர் பேரிங் காலையிலிருந்து சூடேறிக் கிடந்ததும் அவனுக்குத் தெரியும்.

மில்லில் பிலோமி அவனை எப்போதும் சார் என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கும் முதலில், குழாய் வேண்டாம் சார், துணியை வைத்துத் துடைக்கிறோம் என்றாள். நேரமில்லை என்றான். அப்போது அவள் ஒரு எட்டு முன்னால் வந்து, முத்துக்கனி கேட்க, "காத்தடிக்கக் கூடாதுன்னு நீங்கதான மாப்பிள்ள சொன்னீங்க?" என்றாள். மாப்பிள்ளை என்றதும் பின்னால் நின்ற முத்துக்கனி சிரித்துவிட்டாள். மெல்வினுக்குக் காது சூடாகிவிட்டது.

"அப்ப நா என்ன சொன்னேன் தெரியுமா ஜெனோ? 'இன்னைக்கி ஒரு நாள்தான், சொன்னதச் செய்ங்க'ன்னேன். சொல்லிட்டுக் கீழ எறங்கிப் போயிட்டேன்."

ஆபீசில் உட்கார்ந்து, சோதனைக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக அபாயம் என்ற எழுத்துள்ள மஞ்சள் ஸ்டிக்கர்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தான். முதலில் யாரோ இரும்புக் கதவை ஓங்கிச் சாத்தியது போல ஒரு சத்தம். அது என்னவென்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அடுத்தது வருவதற்குள் எழுந்து நிற்கக்கூட நேரமிருக்கவில்லை.

 பந்தலில் யாரோ இருமினார்கள்.

"எத்தன தடவ மாட்டேன்னா?"

"ரெண்டு தடவ."

"கார்ல என்னமோ கையெழுத்துப் போட்டீங்களே, அது என்ன?"

அதையும் சொன்னான்.  திட்டுவாள், அறைவாள் என்று நினைத்தான். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, பின்வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டினாள்.

"வண்டிய எடுங்க. நானும் வாரேன். தனியா விட்டா நீங்க பாதி வழியில திரும்பிருவீங்க."

அடக்கம் முடிந்து மூன்று மணி நேரம் ஆகவில்லை. செத்தவளின் மகள் புருஷனோடு பைக்கில் ஏறிப் போவதைப் பந்தலில் கிடந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு சித்தி எங்களா போற என்று கேட்டாள். ஜெனோவா முந்தானையை இழுத்துச் செருகினாள். வழக்கமாக அவன் தோளைப் பிடித்துக்கொள்பவள், பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடையில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகம் துறைமுகச் சாலையிலிருந்து பிரியும் தெருவில், ஒரு மாடியில் இருந்தது. ஜெனோவா மேலே வரவில்லை. ஏறிப்போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுக் கீழே நின்றாள். ஆபீசர் ஐம்பது வயதுப் பெண்மணி. மில்லிலிருந்து வந்த ஃபைல் மேஜையில் பிரித்துக் கிடந்தது. பதிவேட்டில் மூன்றாவது கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்ததை அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெல்வின் தன் பெயரைச் சொல்லி, காலையில் கையெழுத்துப் போட்ட அந்த அறிக்கை பொய் என்றான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். அவனும் வழக்கில் வரவேண்டியிருக்கும், வக்கீலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எடுத்துச் சொன்னார். அவன் வெள்ளைத் தாள் கேட்டான்.

ஒன்றரை மணி நேரம் எழுதினான். மெஷின், அடைத்த திறப்பு, சிவப்பைப் பச்சையாக்கியது, குசினியில் வாங்கிய கையெழுத்துகள் எல்லாம் வரிசையாக வந்தன. செவ்வாய்க்கிழமைக்கு வந்ததும் கை நின்றது. தான் சொன்னதை எப்படி எழுதினாலும் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தது. அடித்தான். மறுபடி எழுதினான். கடைசியில் நாலாவது மாடியில் சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதினான். வாங்கிப் படித்த ஆபீசர், அந்த வரியில் விரலை வைத்து, இதைப் பேச்சு மொழியிலேயே விடவேண்டுமா என்று கேட்டார்.

"அப்பிடியே இருக்கட்டும் மேடம்."

அவர் மேற்கொண்டு படித்தார். இறந்தவர் உறவா என்று கேட்டதற்கு மாமியார் என்றான். உத்தரவு கொடுத்தவர் என்ற இடத்தில் அவர் தன் கையால் மெல்வின் என்று எழுதிவிட்டு, நிமிராமலே இனிஷியல் கேட்டார்.

"ஏ," என்றான்.

கீழே வந்தபோது பைக் மட்டும் நின்றது. ஜெனோவா துறைமுகச் சாலையில் வெகுதூரம் போய்விட்டிருந்தாள். சாவி கையில் இருந்தும் அவன் வண்டியைக் கிளப்பவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். கோதுமை லாரிகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றன. சக்கரங்களுக்கு நடுவே சிந்திக் கிடந்த மணிகளைப் புறாக்கள் கொத்திக்கொண்டிருந்தன. முன்னால் நின்ற லாரி உறுமி நகர்ந்தபோதும் அவை பறக்கவில்லை. இரண்டடி தள்ளிப் போய் மறுபடியும் குனிந்தன.